மூன்றாம் பந்தியில் அமர்ந்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து வருகிற மாசியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு முதல் கட்டுரையை யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, நம் உறவில் கல்லூரி வரை படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் எழுதட்டும் என்றுதான் பலரும் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நான்கு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்பதும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அண்ணி, "கூடப் பொறந்தவரு நீங்க எழுதுங்க தம்பி. தப்பு இருந்தா கலா திருத்திக்கும்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். கலா எங்கள் அக்காவின் மகள். எழுத்துப் பிழைகளை அவள் திருத்தியிருக்கிறாள். மற்ற பிழைகள் என்னுடையவை. அவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

திருமானூருக்குக் கிழக்கே கொள்ளிடக் கரையை ஒட்டிய ஊரில் அண்ணன் பிறந்தார். அப்பாவுக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்தது. ஒரு போகம் நெல், மற்றபடி கரும்பு. பிள்ளைகள் மூவரில் அண்ணன் மூத்தவர், அடுத்தவர் அக்கா, கடைசி நான். படிப்பு ஏறியது அண்ணனுக்கு மட்டும்தான். பத்தாம் வகுப்பு தேறினார்.

சிறு வயதிலிருந்தே அவருக்கு மேளம் என்றால் உயிர். சாமி புறப்பாட்டில் எல்லோரும் மேளத்துக்குப் பின்னால் போவார்கள். அண்ணன் மட்டும் வாசிப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடப்பார். ஒரு வருடம் அப்படி நடந்து வாய்க்காலில் விழுந்தார். நாதஸ்வரம் கற்றுக்கொள்ள அனுப்புங்கள் என்று அப்பாவிடம் ஒரே ஒருமுறை கேட்டார். அது அவர்கள் குடும்பத்துத் தொழில், நமக்கு எதற்கு என்று அப்பா சொன்னார். அண்ணன் மறுபடி கேட்கவில்லை. ஆனால் சாப்பிடும்போதும் இடது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும்.

பிறகு அரியலூரில் சிமெண்ட் ஆலையில் நிரந்தர வேலை கிடைத்தது. அரவைப் பகுதி. பெரிய உருளைக்குள் இரும்புக் குண்டுகள் உருண்டு உருண்டு கல்லை மாவாக்கும் இடம். பக்கத்தில் நிற்கிறவரிடம் பேச வேண்டுமானால் காதில் வாய் வைத்துக் கத்த வேண்டும். அங்கே பதினெட்டு வருடம் நின்றார். கல்யாணம் ஆயிற்று. அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. கலாவைத்தான் தங்கள் மகளாகப் பார்த்தார்கள். பள்ளி விடுமுறை என்றால் அவள் ஆண்டிமடத்திலிருந்து நேராக அரியலூருக்கு வந்துவிடுவாள்.

எந்த ஊரில் நல்ல மேளம் என்று தெரிந்தாலும் ஷிப்டை மாற்றிக்கொண்டு அண்ணன் போய்விடுவார். உடையார்பாளையம் என்றால் சைக்கிள், பூலாம்பாடி என்றால் பஸ். "கொழம்பு அடிப்புடிக்கிறது இவரு காதுல வுழாது. நாலு தெரு தள்ளி மேளம் வச்சா வுழுந்துரும்" என்று அண்ணி சொல்லிச் சிரிப்பார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு பங்குனித் திருவிழா ஒன்றுக்கு நானும் அவரோடு போயிருந்தேன். கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பாதியில் அண்ணன் என் தோளைத் தொட்டு, "தாளம் கேக்குதா ஒனக்கு?" என்று கேட்டார். நன்றாகக் கேட்கிறது என்றேன். அவருக்கு நாதஸ்வரம் கேட்டது, தவில் கேட்டது. தாளம் போடுகிறவரின் கைகள் சேர்வது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அந்தச் சின்ன வெண்கலக் கிண்ணங்களின் ஓசை வரவில்லை. அன்று கச்சேரி முடியும் வரை அவர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருச்சியில் காது டாக்டரிடம் போனோம். டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டிக் காதருகே வைத்து, கேட்கிறதா என்றார். "கேக்குது டாக்டர். ஒரு கட்டை சுருதிக்குக் கிட்ட இருக்கு" என்றார் அண்ணன். டாக்டர் அந்தக் கவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுவரை யாரும் அவருக்கு அப்படிப் பதில் சொன்னதில்லை போலும். பிறகு விவரம் சொன்னார். பேரிரைச்சலில் நிற்கிறவர்களுக்கு மெல்லிய கூர்மையான ஓசைகள்தான் முதலில் போகும். போனது வராது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் மில்லை விட்டு விலகித்தான் ஆக வேண்டும்.

திரும்பும்போது பஸ் கீழப்பழுவூர் தாண்டும் வரை அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, வேலையை விட்டுவிடப் போகிறேன் என்றார். எனக்கு என்றுமே உடனே வார்த்தை வந்ததில்லை.

நிரந்தர வேலையை நாற்பத்தொரு வயதில் ஒருவர் காதுக்காக விட்டார் என்பதை நம் உறவில் யாரும் நம்பவில்லை. சண்டை போட்டிருப்பார் என்றார்கள், நீக்கியிருப்பார்கள் என்றார்கள். அடுத்து நடந்ததை அதைவிடவும் நம்பவில்லை. உடையார்பாளையம் பக்கத்து நாதஸ்வர வித்வான் ஒருவரின் மேளத்தில் தாளம் போட்டவர் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார். கூட்டத்தில் உட்கார்ந்து பிசகாமல் தாளம் போடும் அண்ணனை வித்வான் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறார். ஆள் கிடைக்கும் வரை நாலு கச்சேரிக்கு வர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அண்ணன் போனார். அதன்பின் வேறு ஆள் தேடப்படவில்லை.

விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஆலையில் நிரந்தர வேலை பார்த்தவர், மேளத்தில் ஒருவராகிச் சுருதிப் பெட்டியைச் சுமந்துகொண்டு கல்யாண வீடுகளுக்குப் போனார். மேளத்தில் எல்லோரும் அவரைக் கடைசி வரை "சார்" என்றுதான் கூப்பிட்டார்கள். நம் உறவில் "ஜால்ரா" என்று பெயர் வைத்தார்கள். யார் வைத்தார்கள் என்று எழுதப் போவதில்லை. நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

ஒரு காதுகுத்தில் பெரியப்பா எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏம்ப்பா, மில்லு சத்தம் ஆவாதுன்னு வேலைய வுட்டியாம். தவுலு சத்தம் மட்டும் காதுக்கு எண்ணெ வுட்டாப்புல இருக்குதா?"

அந்த இடமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார்.

"எப்படியும் போவப்போற காது பெரியப்பா. மில்லக் கேட்டுப் போறதுக்கு மேளத்தக் கேட்டுப் போவட்டும்" என்றார்.

தாளம் போடுவது எளிய வேலை என்று நாம் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். தவில்காரர் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் தாளம் போடுகிறவர் கூடவே ஓடக்கூடாது. அவர் ஓடிவிட்டால் எல்லாம் கலைந்துவிடும். அதோடு கல்யாணத்தில் இன்னொரு வேலையும் அவருடையது. போட்டோக்காரர்களும் வீடியோக்காரர்களும் மறைத்துக்கொண்டு நிற்பதால் உட்கார்ந்து வாசிக்கும் வித்வானுக்கு மணமேடை தெரியாது. தாளம் போடுகிறவர்தான் எழுந்து நின்று, ஐயரின் கையைப் பார்த்து, கெட்டிமேளத்துக்குக் கண் காட்ட வேண்டும். ஒரு கணம் முந்தக்கூடாது, பிந்தக்கூடாது. அண்ணன் பத்து வருடம் அந்த வேலையைச் செய்தார். ஒருமுறைகூடத் தவறவில்லை என்று வித்வான் சொல்கிறார்.

இனி எழுதப் போவதைத்தான் பல நாள் எழுதாமல் தள்ளி வைத்திருந்தேன்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு தையில் கலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பெரம்பலூர். நம் பக்கத்து வழக்கம் தெரிந்ததே. மூத்த தாய்மாமன் மேளம் முன்னே வரச் சீர் கொண்டு வருவார். பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டி, கைபிடித்து மணமேடைக்கு அழைத்து வருவதும் அவர்தான். முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்குப் பக்கத்து இலையும் அவருக்குத்தான். கலா பிறந்த நாளிலிருந்தே அந்த இடம் அண்ணனுடையது.

அந்தக் கல்யாணத்தில் அக்கா எனக்குக் கொடுத்த ஒரே வேலை மேளம் பேசுவது. எனக்குத் தெரிந்த மேளம் ஒன்றுதான். வெற்றிலை பாக்குத் தட்டோடு வித்வான் வீட்டுக்குப் போனேன். அவர் தாம்பூலம் வாங்கும் முன், "சாருக்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். அண்ணன் கேட்டால் சந்தோஷப்படுவார் என்ற எண்ணத்தில் தலையை ஆட்டினேன். நேராக ஆண்டிமடம் போய் அக்காவிடம் சொன்னேன். முறத்தில் முந்திரிப் பருப்பைப் பிரித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றுவிட்டது.

"ஏண்டா, அன்னிக்கி அண்ணன் மேடையில நிப்பாரா, மேளத்துல நிப்பாரா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்ணின் மாமனையே மேளத்தில் தாளம் போட வைத்துத் தாம்பூலம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கொடுத்த தாம்பூலத்தைத் திரும்பக் கேட்பது வித்வானுக்கு அவமானம். அன்றைக்குப் பெரிய முகூர்த்தம், தாளத்துக்கு வேறு ஆளும் கிடைக்காது. நானும் அக்காவும் அரியலூருக்கு அண்ணனைப் பார்க்கப் போனோம். அண்ணன் சிரித்துக்கொண்டே, எங்காவது ஓர் ஆளைப் பிடித்துவிடலாம் என்றுதான் முதலில் சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"மாப்புள வூட்டுல கேட்டாங்கண்ணே. பொண்ணுக்கு மாமன் என்ன பண்றாருன்னு."

"நீ என்ன சொன்ன?"

"சிமெண்டு ஆலையிலன்னு சொல்லிட்டேன்."

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அண்ணன் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய் இல்லியே. இருந்தேன்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தாம்பூலம் வாங்குன எடத்துல நான் நிக்கிறேன். பாப்பாவுக்கு மாமனா தம்பி நிக்கட்டும். அவனும் மாமந்தானே" என்றார்.

அக்கா அழுதார். அழுகைக்கு நடுவே அவர் முகம் சற்றுத் தெளிந்ததையும் நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். இப்படி எழுதுவதற்கு அக்காவிடம் அனுமதி கேட்டேன். எழுது, அது நிஜம்தானே என்றார்.

கல்யாணத்தன்று அண்ணன் எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு, அவர் கையால் அடுக்கிய சீர்த் தட்டை ஏந்தி நான் நடந்தேன். எனக்கு முன்னால் மேளத்தோடு அவர் நடந்தார். கலாவைக் கைபிடித்து அழைத்து வரும்போது, மேளத்தைக் கடக்கிற இடத்தில் அவள் கை என் கைக்குள் ஒரு கணம் நின்றது. அண்ணன் நிமிரவில்லை. ஆனால் முகூர்த்த நேரத்தில் எழுந்து நின்றார். எழுந்து நிற்பது அவர் வேலை. ஐயரின் கையைப் பார்த்து வித்வானுக்குக் கண் காட்டினார். கலாவின் கழுத்தில் தாலி ஏறியதை அந்த மண்டபத்தில் முதலில் பார்த்தவர் அவராகத்தான் இருக்கும். அவர் யார் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒருவருக்கும் தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. என்னைத் தனியே இழுத்து, "யாரு என்ன கேட்டாலும் கேக்கட்டும். அண்ணனக் கூட்டிட்டு வந்து மொதப் பந்தியில ஒக்கார வை" என்றார். நான் போய்க் கூப்பிட்டேன். அண்ணன் தாளத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க அஞ்சு பேருக்கும் எல போட்டா வரேன். போய்ச் சொல்லிட்டு வா" என்றார்.

நியாயமான பேச்சு. காலையிலிருந்து ஒன்றாக வாசித்தவர்களை விட்டு அவர் மட்டும் எப்படி எழுந்து வருவார்? மேளக்காரர்கள் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவது என்று நாம் வைத்திருக்கிறோம். அதை அன்று ஒரு நாள் மாற்றச் சொல்ல வேண்டியது நான். பந்தி நடக்கும் இடத்துக்குப் போனேன். ஐந்து இலை வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாசலிலேயே மாப்பிள்ளையின் பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சம்பந்தி, ஒங்க எலதான் காத்துக்கெடக்குது" என்று இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார்.

நான் உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை. அண்ணனின் இலையில் நான் சாப்பிட்டேன். திரும்பிப் போய் அவரிடம் பதிலும் சொல்லவில்லை. அண்ணனும் மற்ற நால்வரும் மூன்றாம் பந்தியில் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் வேனில் சாமான்களை ஏற்றும்போது அண்ணன் என் பக்கம் வந்து நின்றார்.

"பாயசம் ஜவ்வரிசியாடா, சேமியாவா?" என்று கேட்டார்.

சேமியா என்றேன். தலையை ஆட்டிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார். அவர்கள் பந்திக்கு வருவதற்குள் பாயசம் தீர்ந்துபோயிருந்தது என்பது வேன் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கல்யாணமான மூன்றாம் மாதமே கலா தன் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்த அம்மா, "இதுல மறைக்க என்ன இருக்கு? முன்னாடியே சொல்லியிருந்தா அன்னிக்கே பாத்துக் கும்புட்டிருப்பமே" என்றாராம். யாருக்குப் பயந்து அண்ணனை ஒளித்தோமோ அவர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பயந்தது நாம்தான்.

அண்ணன் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. ஆனால் அதன்பிறகு உறவில் எந்த விசேஷத்துக்கும் மேளத்தோடு வந்தாரே தவிர, தனியாக வந்து பந்தியில் உட்காரவில்லை. அண்ணி மட்டும் வந்து மொய் வைத்துவிட்டுப் போவார். இதை எத்தனை பேர் கவனித்தீர்களோ தெரியாது.

கடைசி மூன்று நான்கு வருடங்களில் தவில் பக்கம் இருந்த வலது காது அநேகமாகப் போய்விட்டது. தவில்காரரின் கையைப் பார்த்தே தாளம் போட்டார். வித்வான் அவரை நிறுத்தவில்லை. பிறகு சிறுநீரகம் கெட்டது. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். படுக்கையில் இருந்த நாட்களில் நான் பேசுவது அவருக்குக் கேட்கவே இல்லை. ஒருநாள் நான் ஏதோ சொல்லிவிட்டு, கேட்கிறதா என்று சைகை காட்டினேன். "நீ நல்லா இருந்த காதுக்கே கேக்காமத்தான் பேசுவ. எனக்கு வித்தியாசம் தெரியல" என்றார். அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கு ஒன்பதாம் நாள் காலை அவர் போய்விட்டார்.

சாவு வீட்டில் மங்கல மேளம் வாசிப்பதில்லை. ஆகவே வித்வானும் மற்ற மூவரும் வெறுங்கையோடு வந்தார்கள். நம் ஆட்கள் பந்தலுக்குள் இருந்தார்கள். மேளக்காரர்களுக்குத் தெருவின் எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டிருந்தது. யார் போட்டார்களோ தெரியாது, பழக்கத்தில் போட்டிருப்பார்கள். நான் அந்தப் பக்கம் போய் நின்றேன். வித்வான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரு இருந்த வரைக்கும் நான் கண்ண மூடிக்கிட்டு வாசிப்பேங்க. அவரு பாத்துக்குவாரு" என்றார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கும் வந்தார்கள். முதல் பந்தி உட்கார்ந்தது, இரண்டாம் பந்தி உட்கார்ந்தது. நான் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தேன். கச்சேரி இருக்கிறது, கிளம்புகிறோம் என்று சொல்லி நால்வரும் சாப்பிடாமலே போனார்கள். அன்று எங்கும் முகூர்த்தம் கிடையாது.

அண்ணனின் நோய்க் காலத்தில் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் தன் காரை எடுத்துக்கொண்டு வந்தவர், வளைகுடாவிலிருந்து திரும்பி எங்கள் தெருவில் குடியிருக்கும் லெப்பைக்குடிகாட்டுப் பாய். "அண்ணனுக்கு துஆ செய்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் வண்டியை எடுப்பார். அவருக்கும், புரட்டிப் படுக்க வைக்கும்போது வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாவுக்கும், ஆலையில் அண்ணனோடு வேலை பார்த்து வாரந்தோறும் வந்து எட்டிப் பார்த்த நண்பர்களுக்கும், இறுதி நாளில் வெயிலில் நடந்த உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பதினெட்டு வருட ஆலைச் சத்தத்துக்குப் பிறகு அண்ணனுக்குப் பத்து வருடம் நல்ல சங்கீதத்தைக் கொடுத்தவர்கள் வித்வானும் அவருடைய ஆட்களும். அவர்களுக்கு வெறும் நன்றி என்று எழுதினால் போதாது.

அதனால் நினைவு நாளுக்கு வருகிற உங்கள் எல்லோருக்கும் ஒரு செய்தி. வாயால் சொல்ல நேர்ந்தால் மறுபடியும் நின்றுவிடுவேன் என்று பயந்து அச்சிலேயே கொடுக்கிறேன். அன்று முதல் பந்தியில், முதல் வரிசையில், வித்வான், கூடவே நாதஸ்வரம் வாசிக்கும் அவர் தம்பி, தவில்காரர்கள் இருவர், இப்போது புதிதாகத் தாளம் போட வந்திருப்பவர் ஆகிய ஐந்து பேரும் உட்காருவார்கள். வீட்டுக்கே போய் அழைத்துவிட்டேன், வருகிறோம் என்றிருக்கிறார்கள். அது யாருக்காவது சங்கடமாக இருந்தால் அடுத்த பந்தி வரை காத்திருக்கலாம், வருத்தமில்லை. அவர்களோடு அதே வரிசையில் உட்கார நினைப்பவர்களுக்கு இலை இருக்கிறது. அண்ணி, அக்கா, கலா, கலாவின் மாமியார் நால்வரும் அந்த வரிசையில்தான் உட்காருவோம் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். பரிமாறுவது நான்.